களியாகாத பிரெட் ஸ்டஃபிங்: முதல் தடவை செய்பவர்களுக்கு

முதல் வருஷம் நான் செய்த ஸ்டஃபிங்கை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அத்தை கேட்டார்: "களி நல்லா வந்திருக்கு, வெல்லம் எங்க?"

தப்பு என்னுடையதுதான். காலையில் வாங்கிய ரொட்டியை அப்படியே பிய்த்துப் போட்டு, ஸ்டாக்கையும் (கோழி எலும்பைக் கொதிக்கவைத்து வடித்த சாறு) மொத்தமாக ஊற்றிவிட்டேன். காய்ந்த ரொட்டித் துண்டுகளை ஸ்டாக்கில் நனைத்து, பறவைக்குள் அடைத்தோ தனியாகவோ சுட்டு, அமெரிக்காவில் நவம்பர் விருந்துக்கு வான்கோழியோடு வைக்கும் பண்டம் இது. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மதியம் கோழியோடு.

ஆறு பேருக்கு: ரொட்டி 400 கிராம், வெண்ணெய் 75 கிராம், பெரிய வெங்காயம் 2, செலரி 2 தண்டு, பூண்டு 4 பல், முட்டை 1, கோழி ஸ்டாக் அரை லிட்டர், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், உப்பு.

முந்தின நாள்: ரொட்டி

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, நல்ல பிரெஞ்சு ரொட்டி கிடைக்கும். அந்த நீள ரொட்டிதான் இதற்குச் சரி. பாக்கெட்டில் வரும் இனிப்பு பிரெட் வேண்டாம். ஒரு அங்குலத் துண்டுகளாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். கத்தியால் வெட்டினால் விளிம்பு மொறுமொறுப்பு அவ்வளவாக வராது.

ரொட்டியை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் காய்ந்துவிடும் என்று வெளிநாட்டுச் செய்முறைகளில் இருக்கும். மார்கழி மழையும் கடற்காற்றும் சேர்ந்த நம்ம ஊரில் அது நடக்காது. காலையில் ஜவ்வு மாதிரி இழுக்கும். அதனால் ஓவனில் 120 டிகிரியில் 40 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு. ஆறியதும் ஒரு துண்டை அழுத்தினால் ரஸ்க் போல நொறுங்க வேண்டும். ஓவன் இல்லையா, தோசைக்கல்லில் சிறு தீயில் வறுக்கலாம், பொறுமை வேண்டும். ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

கறிக்கடையில் கோழிக் கழுத்தும் முதுகெலும்பும் கேட்டு வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் 45 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் ஸ்டாக் தயார். ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கடையில் விற்கும் ஸ்டாக் கியூப் கரைத்தால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு

வெண்ணெயில் வெங்காயம், செலரி, பூண்டு மூன்றையும் வதக்குங்கள். நிறம் மாறக் கூடாது, கண்ணாடி போல ஆனால் போதும். கடைசியில் மிளகும் உப்பும். மேல்நாட்டில் சேஜ் இலை போடுவார்கள். நான் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லியில் நாலு இலை நறுக்கிப் போடுகிறேன். அதற்கு மேல் போட்டால் கஷாய வாசனை வந்துவிடும்.

இதை ரொட்டியில் கொட்டிக் கலந்து, முட்டையை அடித்து ஊற்றுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான ஸ்டாக், ஒரு கரண்டி ஒரு கரண்டியாக. ஒவ்வொரு முறையும் புரட்டி இரண்டு நிமிடம் விடுங்கள். கையில் அள்ளிப் பிடித்தால் பிடிகொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. அந்த இடத்தில் நிறுத்துங்கள், ஸ்டாக் மிஞ்சினாலும் சரி.

பெயர் ஸ்டஃபிங் என்றாலும் நான் கோழிக்குள் அடைப்பதில்லை. உள்ளே இருக்கும் ரொட்டியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொடுவதற்குள் நெஞ்சுக்கறி வறண்டுவிடும். வெண்ணெய் தடவிய டிரேயில் பரப்பி, ஃபாயில் மூடி 180 டிகிரியில் 25 நிமிடம், மூடியை எடுத்து இன்னும் 20 நிமிடம். மேலே பொன்னிறமாகி, ஓரத்தில் வெண்ணெய் சலசலக்கும்போது எடுங்கள்.

மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை வடை போலத் தட்டி தோசைக்கல்லில் சிவக்க எடுத்து, மேலே ஒரு ஆஃபாயில் போட்டுச் சாப்பிடுங்கள். எங்கள் அத்தை இப்போது இதற்காகவே இரண்டு கரண்டி எடுத்து ஒளித்து வைக்கிறார்.