கோவை பாரதியார் பல்கலைக்கழக விடுதிக்குத் தனியாகக் கிளம்புகிறீர்களா?

கூட வர ஆளில்லை, கார் இல்லை என்று கலங்க வேண்டாம். பஸ்ஸிலேயே போய்ச் சேரலாம். கிளம்பும் முன் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஒருமுறை ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பாதியை எடுத்துவிடுங்கள். முதுகில் ஒன்று, கையில் ஒன்று, அவ்வளவுதான். பக்கெட், மக்கு, பாய், தலையணை எல்லாம் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே வடவள்ளிக் கடைகள் இருக்கின்றன.

அசல் சான்றிதழ்களை மட்டும் மேலே கம்பியில் வைக்கவே வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடியிலேயே இருக்கட்டும். கண் அசந்தாலும் கை அதன் மேல் இருக்க வேண்டும்.

கோவையில் ஈரோடு, சேலம் பஸ் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரும். திருச்சி, மதுரைப் பக்கம் என்றால் சிங்காநல்லூர், பொள்ளாச்சி என்றால் உக்கடம். எங்கே இறங்கினாலும் காந்திபுரம் வந்து, பல்கலைக்கழகம் வழியாகப் போகும் மருதமலை டவுன் பஸ் ஏறுங்கள். காலை எட்டு முதல் பத்து வரை பள்ளி, ஆபீஸ் கூட்டம் நெரியும். அந்த நேரம் வேண்டாம். ஏறியதும் கண்டக்டரிடம், “ஏனுங்ணா, இந்தப் பைய எங்கீங்க வெக்கறது?” என்று கேளுங்கள், அவரே இடம் காட்டுவார். அப்புறம், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம்.