கோ 4, கோ 5, சூப்பர் நேப்பியர்: எந்தப் புல்லுல என்ன இருக்குன்னு நாமளே பாக்கது எப்படி

போன கோடைல பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி ஒரு சாக்கு கரணை (நடுததுக்கு வெட்டுன தட்டைத் துண்டு) கொண்டாந்து எறக்குனாவ, சூப்பர் நேப்பியர்ங்கற மாட்டுத் தீவனப் புல்லாம், புரதம் 18 சதவீதமாம், வித்தவன் சொன்னானாம், ஒரு கரணை நம்ம கோ 4 கரணைய விட மூணு மடங்கு வெல. மூணு மாசத்துல ஆள் உயரத்தத் தாண்டி நின்னுச்சு, பாக்க கண்ணு நெறஞ்சு போச்சு, ஆனா வெட்டிப் போட்டா மாடு தோகைய மட்டும் உருவித் தின்னுட்டு தட்டைய அப்படியே ஒதுக்கி வச்சிருச்சு, பாலும் ஒரு சொட்டு கூடல. "என்னடே, ஏமாந்துட்டனா"ன்னு கேட்டாவ. புல்லு ஏமாத்தல அண்ணாச்சி, 90 நாள் கழிச்சு வெட்டுனா எந்த ரகமும் விறகுதான்னேன்.

ரகத்துக்கு ரகம் வித்தியாசம் இல்லாம இல்ல. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல விட்ட கோ 4-க்கு புரதம் 10.7 சதவீதம்னும், அதுக்குப் பொறவு விட்ட கோ 5-க்கு 14 சதவீதம்னும் சொல்லுதாங்க. ரெண்டும் கம்பையும் நேப்பியரையும் ஒட்டுச் சேத்ததுதான், தாய் தகப்பன் வரிசை வேற வேற. சூப்பர் நேப்பியர்ங்கது தாய்லாந்துல இருந்து வந்த பாக்சோங் ரகம். இந்த சதவீதம் எல்லாம் தண்ணி போக மிஞ்சுன காஞ்ச பொருள்ல எவ்வளவுங்கற கணக்கு, பச்சைப் புல்லுல இல்ல, இத முதல்ல மண்டைல ஏத்திக்கணும், ஏன்னா வியாபாரம் பூரா இங்கனதான் நடக்கு. 25 கிலோ பச்சைப் புல்லு போடுதோம்னு வச்சுக்கோங்க. கோ 4-ல காஞ்ச பொருள் 20 சதவீதம் இருந்தா 5 கிலோ, அதுல புரதம் 535 கிராம். 14 சதவீதப் புல்லுலயே தண்ணி ஜாஸ்தியாகி காஞ்ச பொருள் 15 சதவீதம்தான்னா 3.75 கிலோ, புரதம் 525 கிராம். உசத்தியான ரகம் 10 கிராம் தோத்துப் போச்சு பாத்தீங்களா.

அதனால முதல் வேல தண்ணியப் பாக்கது. ரெண்டு ரகத்துலயும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே வயசு மறுதழைவுல (வெட்டுன பொறவு திரும்பத் தழைஞ்சது) வெட்டணும், அது கோ 4-ல 45 நாள்னா இதுலயும் 45 நாள். வயசு மாறிட்டா ஒப்பிட்டதுக்கு அர்த்தமே கிடையாது. நேரமும் முக்கியம், காலைல வெட்டுன புல்லுக்கும் சாயங்காலம் வெட்டுன புல்லுக்கும் சர்க்கரை வேற, பகல் பூரா வெயில்ல சேத்து வச்சத ராத்திரி புல்லே செலவழிச்சிரும். பனி, மழைத்தண்ணி இல்லாம பாத்து ரகத்துக்கு ரெண்டு கிலோ வெட்டி, ஒரு கிலோவ பொடியா நறுக்கி மொட்ட மாடில துணி விரிச்சுக் காயப் போடுங்க. நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு ரெண்டு மூணு நாள் போதும், ராத்திரி பனி படாம உள்ள எடுத்து வச்சிரணும், தட்டைய ஒடிச்சா டப்புன்னு சத்தம் கேக்கணும். அப்பம் எடை போடுங்க. வெயில்ல காஞ்சதுல கொஞ்சம் ஈரம் மிஞ்சும், ஆனா ரெண்டு ரகத்துக்கும் அது ஒண்ணுபோலத்தான மிஞ்சும், ஒப்பிட அது போதும்.

மீதி ஒரு கிலோவ தோகை தனி, தட்டை தனியா பிரிச்சு எடை போடுங்க. புரதம் தோகைல ஜாஸ்தி, நாரும் லிக்னினும் தட்டைல ஜாஸ்தி. லிக்னின்ங்கது மாட்டு வயித்துல இருக்க நுண்ணுயிரால ஒண்ணும் பண்ண முடியாத கட்டச் சத்து, வயசு ஏற ஏற செல் சுவர்ல ஏறிக்கிட்டே போகும், மத்த நாரையும் சேத்துப் பிடிச்சு வச்சுக்கிடும். தோகை எடை கூடுன ரகம் எதுவோ அது பெரும்பாலும் புரதத்துலயும் முந்தி நிக்கும், இதுக்கு லேபும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், தராசு போதும்.

ஆனா தோகை ஜாஸ்தின்னா ஆக்சலேட்டும் ஜாஸ்தி. இத விக்கவன் எவனும் சொல்ல மாட்டான். இளசான தோகைல இருக்க ஆக்சலேட், வயித்துல கால்சியத்தப் பிடிச்சு கரையாத கட்டியாக்கி சாணியோட வெளிய அனுப்பிரும். புரதம், ஆக்சலேட் ரெண்டுமே குருத்துல ஜாஸ்தி, வயசானா ரெண்டும் எறங்கும், அதனாலதான் 25 நாள்லயும் வெட்டாம 70 நாள்லயும் வெட்டாம 40, 45 நாள்ங்கற கணக்கு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயக்காட்டு வைக்கோலும் நேப்பியரும் மட்டுமே போடுத ஆளுங்க இத ரெண்டு தடவ படிங்க, வைக்கோல்லயும் ஆக்சலேட் இருக்கு, கால்சியமும் கம்மி, கன்னு போட்டு ரெண்டு நாள்ல மாடு எந்திரிக்காம படுத்துக்கிட்டா அது கால்சியம் கொறஞ்சதா இருக்கும், கண்ணு பட்டுட்டுன்னு மிளகாய் சுத்திக்கிட்டு இருக்காதீங்க, டாக்டரக் கூப்பிடுங்க. பழகாத மாட்டுக்கு நேப்பியர கொஞ்சம் கொஞ்சமா ஒரு பத்து நாள்ல ஏத்துனா ஆக்சலேட்ட உடைக்கிற நுண்ணுயிர் வயித்துல பெருகிக்கிடும். தினம் தாது உப்பு 50 கிராம், கூட மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் இல்லன்னா தட்டைப்பயறுக் கொடி. பொட்டாஷ அள்ளிக் கொட்டுனாலும் ஆக்சலேட் ஏறும்.

யூரியா கதை இதுக்கு நேர் எதிர். யூரியா போட்டா புல்லு உறிஞ்சுத நைட்ரேட் தோகைல தங்காது, அடித்தட்டைல தங்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் நேரத்துல நாலு நாள் வெயிலே தலகாட்டாது பாத்தீங்களா, அப்பம் உறிஞ்சுன நைட்ரேட்ட புரதமா மாத்த புல்லுக்குத் தெம்பு இருக்காது, அப்படியே தேங்கிரும். வயித்துல அது நைட்ரைட்டாகி ரத்தத்துல ஏறுனா ரத்தம் சாக்லேட் நிறமாகி மூச்சு முட்டும், இதுக்கு மெத்திலீன் நீல ஊசி உண்டு ஆனா ஓடணும். யூரியா போட்டு மூணு வாரமாவது போகட்டும், மூடாப்பு நாள்ல வெட்ட வேண்டி வந்தா ஒரு சாண் அடித்தட்டைய விட்டு வெட்டுங்க, கூட வைக்கோலக் கலந்து போடுங்க.

லேபுக்கு அனுப்பதுன்னா நறுக்கி நிழல்ல காயப்போட்டு காகிதப் பைல அரை கிலோ. பச்சையா பிளாஸ்டிக் கவர்ல கட்டுனா போய்ச் சேரதுக்குள்ள சர்க்கரை போயிரும், பூஞ்சை வந்துரும், நான் ஒரு தடவ அப்படித்தான் காசக் கரியாக்குனேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரில தீவன ஆய்வகம் இருக்கு, நமக்குப் பக்கத்துல திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரில கேட்டாலும் வழி சொல்லுவாங்க. புரதம் மட்டும் கேக்காதீங்க, என்டிஎஃப், ஏடிஎஃப், கால்சியம், ஆக்சலேட் எல்லாம் கேளுங்க. என்டிஎஃப்ங்கது செல் சுவர் நாரு மொத்தம், அது ஏறுனா மாடு தின்னுத அளவு குறையும், ஏடிஎஃப்ங்கது அதுல லிக்னினும் சேந்த கடின நாரு, அது ஏறுனா செரிக்கது குறையும். புரதம்னு அவங்க தாரது நைட்ரஜன அளந்து 6.25 ஆல பெருக்குன கணக்கு, யூரியா போட்ட சூட்டோட வெட்டுன புல்லுக்கு புரதமா மாறாத நைட்ரஜனும் இதுல சேந்து நம்பர் ஏறிரும். அண்ணாச்சிட்ட வித்தவன் சொன்ன அந்த 18 சதவீதம் எங்கேருந்து வந்துருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

தென்னைக்கு ஊடால போடதுன்னா கோ 3 கினியாப் புல்லு, நிழலத் தாங்கும். சங்கரன்கோவில், ராதாபுரம் மானாவாரிக்கு கொழுக்கட்டைப் புல்லு. சோளம் வச்சிருக்கவங்களுக்கு மேல சொன்ன 45 நாள் கணக்கு எடுபடாது, அதுல இளசுல சயனைடு வரும், பூக்கதுக்கு முன்ன, அதுவும் வாடி நிக்க பயிர, மாட்டுக்குக் காட்டவே காட்டாதீங்க.

அண்ணாச்சி இப்பம் 45 நாள்ல வெட்டுதாவ. போன வாரம் ரெண்டையும் மாடில காயப்போட்டுப் பாத்தோம், அவுக சூப்பர் நேப்பியர் 170 கிராம், என் கோ 4 205 கிராம். "தராசு சரியில்லடே"ங்காவ.