லேபிளில் உடைந்த 'கொள்ளு'

பெங்களூரு அல்சூரில் அத்தை வீட்டிலேயே பொடி அரைத்து விற்கிறார். லேபிள் என் பொறுப்பு. கையால் எழுதியது மாதிரி இருக்கட்டுமே என்று பசிஃபிகோ எழுத்துருவை எடுத்தேன். ஆங்கிலத்தில் அழகு. தமிழோ கட்டம் கட்டமாக வந்தது. அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது.

தமிழுக்கு தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் இருக்கிறது. சாய்ந்த கையெழுத்து, இலவசம். போட்டால் 'கொள்ளுப் பொடி'யில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நின்றது! "என்னப்பா, கொள்ளை இப்படி நொறுக்கிட்ட?" என்றார் அத்தை.

எழுத்துருமேல் பழி போட்டு ஒரு ராத்திரி வீண். குற்றவாளி, லேபிள் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் இருந்த அமைப்பு. பாராகிராஃப் பேனல் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்' என்று மாற்றியதும் கொம்பு தன் இடத்துக்கு வந்தது.

ஆங்கிலப் பெயரில் இன்னொரு கோளாறு: இடம் நிரப்ப டிராக்கிங்கை, அதாவது எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை, ஏற்றியிருந்தேன், எழுத்துகளின் இணைப்புக் கோடு அறுந்துவிட்டது. பூஜ்யமாக்கினேன். முழுக்க கேபிடல் எழுத்தில் அடித்ததும் படிக்க முடியவில்லை, அதையும் கைவிட்டேன்.

விலையும் தேதியும் மட்டும் சாதாரண நேர் எழுத்தில். கையெழுத்தில் 1, 7 குழம்பினால் சண்டை எனக்குத்தான் வரும்.