சண்டை வராமல் ரயில் புதிர் போடுவது எப்படி?

ரயில் கிறுக்கர்கள் நாலு பேர் கூடினால் முதலில் விழும் கேள்வி, "இந்தியாவின் முதல் ரயில் எது?" போட்டி நடத்துபவர் முதலில் அடித்துத் தள்ள வேண்டியதும் அதைத்தான். 1853 ஏப்ரல் 16, மும்பையின் போரிபந்தரிலிருந்து தாணே, 14 பெட்டி, சாஹிப், சிந்த், சுல்தான் என மூன்று எஞ்சின்: மும்பையில் இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் சென்னைப் பக்கம் செங்குன்றத்தில் கல் ஏற்ற 1837-லேயே தண்டவாளம் போட்டாயிற்று. ரூர்க்கியில் சோலானி கால்வாய்ப் பால வேலைக்கு 1851-ல் நீராவி எஞ்சின் ஓடியது. யாராவது இதைக் கிளப்புவார். அரை மணி நேரம் போச்சு. "பொதுமக்களுக்கான முதல் பயணிகள் ரயில்" என்று கேளுங்கள், விடை ஒன்றுதான். எந்த வகையில் முதல் என்று சொல்லாமல் "முதல்" போடவே கூடாது.

நல்ல புதிர் யோசித்தால் அவிழ வேண்டும். அதற்கு ஸ்டேஷன் குறியீடுகளை, அதாவது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ரயில்வே வைத்திருக்கும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளை, மிஞ்சிய சரக்கு இல்லை. இன்றைய பெயரோடு எழுத்து பொருந்தாத குறியீடாகப் பொறுக்குங்கள். குர்லாவுக்கு ஏன் சி.எல்.ஏ.? வெள்ளைக்காரன் 'கூர்லா' என்பதை 'சி'யில் தொடங்கி எழுதினான். தாணேயின் டி.என்.ஏ. பழைய 'டன்னா'. வசை ரோட்டின் பி.எஸ்.ஆர். பழைய 'பஸ்ஸீன் ரோடு'. கூட்டம் மும்பையில் தமிழர் நிறைந்த மாட்டுங்காவிலோ தாராவியிலோ என்றால் ஊர்ப் பக்கமும் ஒன்று வையுங்கள்: மயிலாடுதுறைக்கு எம்.வி. எப்படி வந்தது? மாயவரம் என்று ஒரு பெரியவர் முந்திக்கொள்வார். எல்லாப் பெயர் மாற்றமும் இப்படி மிச்சம் வைப்பதில்லை, மும்பையின் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் பெயரில் 'மகாராஜ்' சேர்ந்ததும் சி.எஸ்.டி.எம். என்ற குறியீடும் சி.எஸ்.எம்.டி. ஆகிவிட்டது. அதனால் ஒவ்வொரு குறியீட்டையும் இன்றைய நிலவரப்படி சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.

மும்பையின் தாதர் ஸ்டேஷன் ஆளைக் கவிழ்க்கும் இடம், அங்கே இரண்டு ரயில்வே. மத்திய ரயில்வேயில் டி.ஆர்., மேற்கு ரயில்வேயில் டி.டி.ஆர். எந்த ரயில்வே என்று சொல்லாமல் கேட்டால் இரண்டு விடையும் சரி. பிளாட்பார எண்ணைக் கேட்பதும் வம்பு: 2023 டிசம்பரில் மேற்குப் பக்கம் 1 முதல் 7, மத்தியப் பக்கம் 8 முதல் 14 என்று தொடர் எண் ஆக்கிவிட்டார்கள். பழைய புகைப்படத்தை வைத்துப் போட்ட கேள்வி அங்கேயே விழும்.

எஞ்சின் பெயர்களில் ஒரு பொறி உண்டு. டபிள்யூ.டி.எம்.-3ஏ: 'டபிள்யூ' அகலப்பாதை, 'டி' டீசல், 'எம்' பயணி, சரக்கு இரண்டுக்கும். 3 என்றால் 3000 குதிரைத்திறன், 'ஏ' கூடுதலாக 100, ஆக 3100. இதே கணக்கில் டபிள்யூ.டி.எம்.-2-க்கு 2000 என்பார்கள். தப்பு, அது 2600. அந்த 2 வெறும் வரிசை எண். குதிரைத்திறன் கணக்கு பின்னால் வந்தது. இதைக் கடைசிக் கேள்வியாக வைப்பது நல்லது.

குறிப்பு கொடுக்கும் புதிருக்கு மும்பை - புணே வழியில் உள்ள போர் காட் மலைப்பாதை அருமை. "மும்பையிலிருந்து புணே வழியாகச் சென்னை போகும் வண்டி கர்ஜத்தில் நிற்கிறது. எதற்கு?" முதல் குறிப்பு: வண்டியின் பின்பக்கம் பாருங்கள். இரண்டாவது: 37 அடி போனால் 1 அடி ஏற்றம். விடை: பின்னாலிருந்து தள்ள பேங்கர் எஞ்சின் மாட்டுகிறார்கள். குறிப்பில்லாமல் சொன்னால் 3 மதிப்பெண், ஒரு குறிப்புக்குப் பின் 2, இரண்டுக்கும் பின் 1. முதல் குறிப்பிலேயே 'மலை' என்ற சொல் வந்தால் புதிர் செத்தது.

ஒரு மாலைக்கு 10 கேள்வி போதும்: 3 எளிது, 5 நடுத்தரம், 2 கடினம். விடைத்தாளில் ஏற்கத்தக்க மாற்று விடையையும் எழுதி வையுங்கள், சி.எஸ்.எம்.டி.யை விக்டோரியா டெர்மினஸ் என்ற பழைய பெயரில் வி.டி. என்பவருக்கும் மதிப்பெண் உண்டா என்று அங்கே போய் யோசிக்கக் கூடாது. முன்னாடியே ரயில் பைத்தியம் இல்லாத ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவரால் தொடங்கக்கூட முடியவில்லை என்றால் அது மனப்பாடக் கேள்வி, எடுத்துவிடுங்கள்.

சமநிலை வந்தால் எண் கேட்டு முடியுங்கள், நெருங்கியவர் வென்றார்: போரிபந்தர் - தாணே எத்தனை கிலோமீட்டர்? 34. கிலோமீட்டர் என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 21 மைல் என்று ஒருவர் மல்லுக்கு நிற்பார்.