ஒரு நிமிடப் பேச்சை எழுத்தில் பிடிப்பது எப்படி?

அன்றாடப் பேச்சை நுணுக்கமாக ஆராயும் துறைக்கு உரையாடல் பகுப்பாய்வு என்று பெயர். 1960களில் அமெரிக்காவில் இதற்கு வித்திட்டவர் ஹார்வி சாக்ஸ். லாஸ் ஏஞ்சலிஸில் தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றுக்கு வந்த அழைப்புகளின் ஒலிப்பதிவுகளை அவர் கேட்டார். ஊழியர் தன் பெயரைச் சொன்னால் அழைத்தவரும் பெரும்பாலும் பெயர் சொல்லிவிடுவார். ஓர் அழைப்பில் மட்டும், அழைத்தவர் காதில் விழவில்லை என்றார். ஊழியர் தன் பெயரைத் திரும்பச் சொல்ல, அழைத்தவர் தன் பெயரைச் சொல்லவேண்டிய இடம் நழுவிவிட்டது. சொல்ல மாட்டேன் என்று மறுக்காமலே பெயரைத் தவிர்க்க இப்படியும் ஒரு வழி உண்டு என்பதை சாக்ஸ் கவனித்தார்.

நாமும் செய்து பார்க்கலாம். கைபேசி இருந்தால் போதும்.

1. பதிவு செய்யுங்கள். பேசும் எல்லோரிடமும் முதலில் அனுமதி கேளுங்கள். பேட்டி வேண்டாம், வீட்டில் இயல்பாக நடக்கும் பேச்சுதான் வேண்டும்.

2. கேட்டதை அப்படியே எழுதுங்கள். ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துப் பத்து முறையாவது கேளுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ‘வர்றேன்’ என்பதை ‘வருகிறேன்’ என்று திருத்துவார்கள், ‘ம்’, ‘வந்து’ எல்லாவற்றையும் தூக்கிவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நாம் தேடுவது அதற்குள்தான் இருக்கிறது.

3. குறியீடு போடுங்கள். சாக்ஸின் மாணவி கெயில் ஜெஃபர்சன் உருவாக்கிய முறையில் மூன்று குறிகள் இப்போதைக்குப் போதும். மௌனத்தை நொடிக்கணக்கில் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். ஒலி நீண்டால் முக்காற்புள்ளி, இருவர் பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் சதுர அடைப்பு. மௌனத்தை அளக்க ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உதவும்.

அக்கா: ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வர்றியா?
(0.8)
தம்பி: ம்::: வரலாம்க்கா, ஆனா திங்கக்கெழம [பரீட்ச
அக்கா: [சரி சரி, படி. அடுத்த வாரம் வா.

(இது விளக்கத்துக்காக நான் எழுதியது.)

4. ஒவ்வொரு வரியிலும், ‘இது ஏன் இங்கே, இப்போது வந்தது?’ என்று கேளுங்கள். தம்பி மனதில் என்ன இருந்தது என்று ஊகிக்க வேண்டாம். அக்கா அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று அடுத்த வரியில் பாருங்கள். தம்பி ‘வரல’ என்று சொல்லவே இல்லை, ‘வரலாம்’ என்றுதான் சொன்னான். ஆனாலும் மௌனம், இழுத்த ‘ம்’, பிறகு ஓர் ‘ஆனா’. அவன் பேசி முடிப்பதற்குள் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு பத்து மொழிகளில், ஆம் இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகளை அளந்தது. பதில் வர சராசரியாகச் சுமார் 0.2 நொடிதான் ஆனது. அதோடு ஒப்பிட்டால் 0.8 மிக நீளம். அந்தப் பத்தில் தமிழ் இல்லை, அதனால் உங்கள் பதிவுகளை அளந்து பார்ப்பது இன்னும் முக்கியம்.

5. ஒன்றோடு நிறுத்தாதீர்கள். சம்மதித்தவை சில, மறுத்தவை சில என்று சேர்த்து ஒப்பிடுங்கள். பொருந்தாத ஒன்று வந்தால் அதை ஒதுக்க வேண்டாம். சாக்ஸோடு இத்துறையை வளர்த்த இமானுவேல் ஷெக்லாஃப் சுமார் 500 தொலைபேசி அழைப்புகளின் தொடக்கத்தைப் பார்த்தார். எடுப்பவர்தான் முதலில் பேசுவார் என்ற விதி ஒன்றே ஒன்றில் பொய்த்தது. அங்கே எடுத்தவர் பேசாமல் இருக்க, அழைத்தவர் ‘ஹலோ’ என்றார். அந்த ஒன்றுக்காக ஷெக்லாஃப் விதியையே மாற்றி எழுதினார்: மணி அடிப்பதே ஒரு கூப்பிடல், எடுப்பவரின் ‘ஹலோ’ அதற்குப் பதில். பதில் வராததால்தான் அழைத்தவர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்.