செம்முடிக்காரரைப் பற்றிய பழமொழிகளைத் தமிழாக்கும் விதம்

நான் மொழிபெயர்த்த ரஷ்யக் கதை ஒன்றில் ஒருவன் கோபமாகக் கேட்கிறான்: "அ யா ஷ்தோ, ரீஷிய்?" சொல்லுக்குச் சொல் போட்டு, "நான் என்ன செம்முடிக்காரனா?" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: "மூன்றாம் பக்கத்தில் இவனுக்குக் கறுப்பு முடி ஆயிற்றே?"

எல்லாருக்கும் பங்கு போட்டுவிட்டு ஒருவனை மட்டும் ஒதுக்கினால் ரஷ்யர்கள் அப்படிக் கேட்பார்கள். சர்க்கஸில் சிவப்பு விக் மாட்டிக்கொண்டு உதை வாங்கும் கோமாளிக்கும் அங்கே 'ரீஷிய்' என்றுதான் பெயர். "நான் என்ன இளிச்சவாயனா?" என்று மாற்றியதும் வேலை முடிந்தது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அந்த வாக்கியத்தில் மெய்யாகவே முடி இருக்கிறதா என்பதுதான்.

இருக்கிறது என்றால் என்ன சொல் போடுவது? 'செம்பட்டை' கைக்கு எளிதாக வரும், வேண்டாம். அதைப் படித்ததும் எண்ணெய் காணாத, வெயிலில் வெளிறிய பரட்டைத்தலை கண்ணில் நிற்கும். செம்முடிக்காரர்களுடையது செப்புக் கம்பி மாதிரி மினுங்கும் பிறவி நிறம். எம்சி1ஆர் என்ற மரபணுவில் உள்ள மாறுபாடு, பெரும்பாலும் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் இது தலைகாட்டும். கருங்கூந்தல் தம்பதிக்குத் திடீரென்று செந்தலைப் பிள்ளை பிறப்பது அதனால்தான். அக்கம்பக்கத்து வாய்க்கு அது போதாதா! நான் 'செந்தலை' என்று எழுதுகிறேன். பழமொழிக்குள் சுருக்கமாக உட்காருகிறது.

அடுத்தது ஓசை. இதில் நேரம் செலவழியுங்கள். ஜெர்மனியில் ஒரு பழமொழி: "எர்லென்ஹோல்ட்ஸ் உண்ட் ரோட்டெஸ் ஹார் ஸிண்ட் அவுஃப் குட்டெம் க்ருண்டெ ரார்." ஆல்டர் மரமும் செம்முடியும் நல்ல நிலத்தில் அரிது என்று பொருள். ஆல்டரை ஏன் இழுத்தார்கள்? அது ஈரம் ஊறிய சதுப்பில் வளரும் மரம். வெட்டினால், வெளுத்திருந்த கட்டை சற்று நேரத்தில் ரத்தம் கசிந்தது போலச் சிவக்கும். 'க்ருண்ட்' என்றால் நிலம், அடித்தளம் இரண்டும்தான். இந்தச் சிலேடையை எப்படிக் கொண்டுவருவது என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். தமிழே கைகொடுத்தது: "நல்ல மண்ணில் ஆல்டர் இல்லை, நல்ல மனத்தில் செந்தலை இல்லை." ரஷ்யாவின் "ரீஷிய் தா க்ராஸ்னிய், சிலவேக் அபாஸ்னிய்" எதுகையால் மட்டுமே உயிர் வாழ்வது. "செந்தலையும் சிவந்தவனும் ஆபத்தான மனிதர்கள்" என்று எழுதினால் காவல்துறை அறிவிப்பு மாதிரி இருக்கும். நான் போட்டது: "செக்கச் செவந்த தலைக்காரன், சிக்க வைக்கும் வினைக்காரன்."

மூடநம்பிக்கைக்கு வேறு கை வேண்டும். சந்தம் தேவையில்லை, யார், எப்போது, என்ன செய்தார் என்று மூன்றும் இருக்க வேண்டும். அயர்லாந்தில் மீன்பிடிக்கக் கிளம்பியவன் எதிரே செந்தலைப் பெண்ணைக் கண்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். அந்தத் திரும்பலை எழுதுங்கள், 'அபசகுனம்' என்ற சொல் தேவைப்படாது. ஸ்காட்லாந்தில் புத்தாண்டு நள்ளிரவு கழிந்து முதலில் வாசற்படி மிதிப்பவன் கறுப்புத் தலைக்காரனாக இருக்க வேண்டும். செந்தலை வந்தால் வருஷமே போச்சு.

கடைசியாக, முன்னுரையில் கதை கட்டாதீர்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்குச் செம்முடி என்று ஓவியர்கள் தீட்டினார்கள், ஸ்பானிய மொழியில் 'யூதாஸ் முடி' என்றே சொல் இருக்கிறது. ஆனால் பைபிளில் அவன் முடி பற்றி ஒரு வரி கிடையாது. சூனியக்காரிகளை வேட்டையாட 1480களில் எழுதப்பட்ட லத்தீன் கையேடு செந்தலைகளைக் குறிவைத்தது என்று பலர் எழுதுகிறார்கள். அழகிய கூந்தல் உள்ள பெண்களைப் பற்றித்தான் அதில் பேச்சு, சிவப்பு பற்றி இல்லை. பழமையான சான்று வேண்டுமென்றால் 11ஆம் நூற்றாண்டின் லத்தீன் கவிதை 'ரூவோட்லீப்' போதும். அதில் அரசன் நாயகனுக்குப் பன்னிரண்டு அறிவுரை சொல்கிறான். முதலாவதே, செந்தலையனை நெருங்கிய நண்பனாக்காதே என்பது. வழியில் ஒரு செந்தலையன் ஒட்டிக்கொள்கிறான், நாயகனின் மேலங்கியைத் திருடுகிறான்.