விடுமுறைக்குள் அடங்காத இம்பிளான்ட்: தாயகம் செல்வோருக்கு

நான்கு வார விடுமுறையில் தாயகம் சென்று, இழந்த கடைவாய்ப் பல்லுக்கு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பல்வேர்போலப் பதிக்கும் டைட்டானியத் திருகு) வைத்து, அதன்மேல் நிரந்தரக் கிரவுனையும் (செயற்கைப் பல்) மாட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று எண்ணிப் பயணச்சீட்டு எடுப்பவர்கள், தாடை எலும்பு அதற்கெல்லாம் அவசரப்படாது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். 1952இல் சுவீடனின் மருத்துவ ஆய்வாளர் பிரோனமார்க், முயலின் காலெலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்ற முயன்றபோது, அது எலும்போடு ஒன்றிப்போயிருந்ததைக் கண்டார். 1965இல் டைட்டானிய இம்பிளான்டை மனிதரின் தாடையில் பொருத்தினார். இன்றைய சிகிச்சையும் அந்தப் பிணைப்பையே நம்பியிருக்கிறது. பொதுவாக அதற்குக் கீழ்த்தாடையில் 3 மாதமளவும், மேல்தாடையில் 4 முதல் 6 மாதமும் விடுவார்கள். எலும்பு போதாமல் எலும்பு ஒட்டு வைக்க நேர்ந்தால் இன்னும் சில மாதங்கள் கூடும்.

ஆகவே முதல் பயணத்தில் திருகு, அடுத்த பயணத்தில் கிரவுன் என்று திட்டமிடுவதே உத்தமம். ஒரே நாளில் பல் கட்டுவதும் உண்மையில் நடைமுறையில் உள்ள முறைதான். ஆனால் திருகு எலும்பைப் போதிய இறுக்கத்துடன் பற்றினால் மட்டுமே அது பொருந்தும், அன்று மாட்டுவதும் பெரும்பாலும் தற்காலிகப் பல்லே.

நீரிழிவு கட்டுப்பாட்டில் உள்ளதா, புகைப்பழக்கம் உண்டா, எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறீர்களா என்பவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மேல்தாடையில் சைனஸ் (மூக்கையொட்டிய காற்றறை) தளத்தை உயர்த்தி எலும்பு வைத்திருந்தால், சில வாரங்களுக்கு மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது. திரும்பும் விமானத்தின் தேதியையும் மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்யுங்கள்.

திரும்பும்போது கையில் இருக்க வேண்டியது ஒரு சிறிய ஒட்டுத்தாள். இம்பிளான்ட் பொதியில் ஒட்டியிருக்கும் அதில் நிறுவனம், மாதிரி, விட்டம், நீளம், தொகுதி எண் ஆகியவை அச்சாகியிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இணைப்பும் திருகாணித் தலையும் மாறுவதால், ஒருநாள் கிரவுன் ஆடத் தொடங்கும்போது, வாழும் நாட்டின் பல் மருத்துவருக்குப் பொருத்தமான திருப்புளி எதுவென்றே தெரியாமல் போகலாம். முடிந்த இடத்தில் பசையால் ஒட்டும் கிரவுனைவிடத் சிறு திருகாணியால் பூட்டும் கிரவுனையே நான் விரும்புவேன்: மெல்லும் பரப்பிலுள்ள சிறு துளையின் அடைப்பை அகற்றினால், திருகாணியை மீண்டும் முடுக்கிவிடலாம். ஈறுக்கடியில் பசை எஞ்சி அழற்சி உண்டாக்கும் அபாயமும் இல்லை.

இம்பிளான்டுக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றிய எலும்பு அழற்சியால் கரையக்கூடும், அதுவும் பெரும்பாலும் வலியின்றி. துலக்கும்போது இரத்தம் கசிந்தால் அடுத்த தாயகப் பயணம்வரை காத்திருக்காதீர்கள்.

முப்பரிமாண ஸ்கேனைக் கொண்டு திருகின் கோணத்தை முன்கூட்டியே வகுப்பதும், அதற்கேற்ற வழிகாட்டித் தகட்டை அச்சிடுவதும் இப்போது பரவலாகிவிட்டன. 2016இல் அமெரிக்கா இம்பிளான்ட் பதிக்க மருத்துவருக்கு உதவும் ரோபோவுக்கும் அனுமதியளித்தது. புதிய பல்லையே முளைக்கச் செய்யும் மருந்தை ஜப்பானின் கியோட்டோவில் 2024 முதல் மனிதரிடம் பரிசோதிக்கிறார்கள். அது வரட்டும் என்று இடத்தைக் காலியாக விட்டால், அந்த இடத்து எலும்பு ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே போகும். பல்லை இனிமேல்தான் பிடுங்கப்போகிறீர்கள் என்றால், குழியில் அன்றே எலும்புத் துகள் நிரப்ப முடியுமா என்று கேளுங்கள்.